கரப்பான் பிடித்த கன்னம்

போன மாதம் சிஸ்டர் ஷீபா போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு, தாம்பரத்தில் எங்கள் மருத்துவமனையின் குழந்தைகள் தோல் பிரிவைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான்.

"பிரதர், வர்ற அம்மாங்க எல்லாரும் மொபைல்ல ஒரு வீடியோவக் காட்டி, இதத் தடவலாமா, அத ஊத்தலாமான்னு கேக்கறாங்க. எனக்கே குழம்பிடுது. கரப்பான், அதான் எக்ஸிமா, வந்த குழந்தைக்கு வீட்ல என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாதுன்னு ஒரே ஒரு பக்கம் எழுதிக் குடுங்களேன். செவத்துல ஒட்டிடறோம்."

எழுதி அனுப்பினேன். மறுநாளே திரும்பக் கூப்பிட்டார்.

"எல்லாம் நல்லாருக்கு பிரதர். கடைசி வரிய மட்டும் ஏன் இவ்ளோ பெரிய எழுத்துல போட்டிருக்கீங்க? அம்மையைப் பத்தி எழுதினா சில பேருக்கு மனசு கஷ்டமாயிடுமோன்னு இருக்கு."

கரப்பான் உள்ள குழந்தைக்குத் திடீரென்று கொப்புளம் வந்தால் அம்மைதான் என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள், அன்றைக்கே கொண்டுவந்து காட்டுங்கள் என்பதுதான் அந்த வரி. அதை ஏன் பெரிதாக எழுதினேன் என்று போனில் சொல்ல ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் போகவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நான் நர்சிங் முடித்த காலத்தில் ஆண்களை எலும்பு முறிவு வார்டிலோ விபத்துப் பிரிவிலோதான் போடுவார்கள். தூக்க வேண்டும், பிடிக்க வேண்டும், அதற்கு நாங்கள். எனக்கும் முதல் சில வருடங்கள் அப்படியே போயின. குழந்தைகள் தோல் பிரிவில் இருந்த சிஸ்டர் பிரசவ விடுப்பில் போனபோது, ஆள் இல்லாமல் என்னைத் தற்காலிகமாக அங்கே அனுப்பினார்கள். அந்தத் தற்காலிகம் என் ஓய்வு வரைக்கும் நீண்டது.

முதல் நாள் ஓர் அம்மா என்னைப் பார்த்ததும் குழந்தையை அணைத்துக்கொண்டு சுவர்ப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துவிட்டார். "லேடி நர்ஸ் யாரும் இல்லையா?" என்று சுவரைப் பார்த்தே கேட்டார். அந்தப் பிரிவின் தலைவர் டாக்டர் பியூலா தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "இவருக்கு ரெண்டு பசங்கம்மா. நல்லா குளிப்பாட்டுவார்."

எனக்குக் குளிப்பாட்டத் தெரியாது. என் பிள்ளைகளை விமலாதான் குளிப்பாட்டினாள். அன்று மாலை சேலையூரில் எங்கள் வீட்டுக் குளியலறையில், கைக்குழந்தையை எப்படிக் கையில் ஏந்துவது, கழுத்தை எங்கே தாங்குவது என்று மனைவியிடம் பாடம் படித்தேன். காட்டிக்கொடுக்க வீட்டில் கைக்குழந்தை இல்லை. இளையவனுக்கு நான்கு வயது. டப்பில் உட்கார மாட்டேன் என்று ஓடிவிட்டான். தலையணையை வைத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

பியூலா மேடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் இப்போது உயிரோடு இல்லை. சன்னமான குரல். வெள்ளைக் கோட்டு போட மாட்டார், குழந்தைகள் பயப்படும் என்று. குழந்தையைத் தொடுவதற்கு முன் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். அதற்குள் அம்மாவின் பெயரைக் கேட்டுவிடுவார். குழந்தையின் பெயர் அப்புறம்தான்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. முதல் தடவை வருகிறவர்களிடம், "அடுத்த முறை வரும்போது, வீட்ல பாப்பாவுக்கு எதெல்லாம் போடறீங்களோ எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க" என்பார். கொண்டுவருவார்கள். மேஜையே நிரம்பிவிடும். தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், அருகம்புல் தைலம், வேப்பிலை அரைத்த விழுது, கடுகு எண்ணெய், பயத்தம் மாவு, வாசனைப் பவுடர், பெயரே இல்லாத வெள்ளை டப்பாவில் ஏதோ களிம்பு. ஒவ்வொன்றையும் திறந்து, தன் முன்கையின் உட்புறத்தில் ஒரு துளி தடவிப் பார்ப்பார். ஏன் இதைப் போட்டீர்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. "எதப் போட்டப்போ பாப்பா அழல?" என்றுதான் கேட்பார்.

எனக்கு அந்தக் கேள்வியின் அருமை புரியக் கொஞ்ச காலம் ஆனது. திட்டுவார்கள் என்று பயந்து வருகிற அம்மாவிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும். மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். வேப்பிலை விழுது போட்டதும் துடித்துப்போனான், கடுகு எண்ணெய்க்குச் சிவந்துவிட்டது, தேங்காய் எண்ணெய்க்கு மட்டும் தூங்கினான். "பாத்தீங்களா, பாப்பாவே சொல்லிட்டான்" என்பார் மேடம். தேங்காய் எண்ணெய் ஒரு பக்கம் நிற்கும், மற்றவை பைக்குள் திரும்பும். பெயரில்லாத களிம்பு டப்பாவை மட்டும் திருப்பித் தர மாட்டார். கடையில் தாங்களாக வாங்கிப் போடும் ஸ்டீராய்டு களிம்பு குழந்தையின் தோலை எப்படி வெங்காயச் சருகு மாதிரி ஆக்கிவிடும் என்று அப்போது பொறுமையாக விளக்குவார். அதே மருந்தை எத்தனை நாள், எவ்வளவு மெல்லிசாகத் தடவினால் நல்லது செய்யும் என்பதையும் சேர்த்தே சொல்லுவார்.

அதற்கப்புறம் என் வேலை. பக்கத்து அறையில் ஒரு பிளாஸ்டிக் டப், ஒரு குழாய், ஒரு பெஞ்சு. வெதுவெதுப்பான தண்ணீர், முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால்தான் குழந்தை நன்றாகத் தூங்கும் என்று நம்புகிறவர்களுக்கு இதைப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. தண்ணீரில் வடிகஞ்சி கொஞ்சம் கலக்கலாம், அரிப்பு தணியும். மாவு போட்டுத் தேய்க்கக் கூடாது. நேரம் கொஞ்சம்தான். எடுத்ததும் துடைக்கக் கூடாது, பழைய பருத்தித் துண்டால் ஒற்ற வேண்டும். ஈரம் முழுக்கக் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ, மேடம் எழுதிக்கொடுத்த மணமில்லாத களிம்போ தாராளமாகப் பூச வேண்டும். அந்த ஈரத்தை உள்ளேயே வைத்து மூடுவதற்குத்தான் எண்ணெய். காய்ந்த தோலில் எவ்வளவு தடவினாலும் பாதிப் பலன்தான்.

அரிப்பு அதிகமாக இருந்தால் ஈரத்துணிக் கட்டு. துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய வேட்டி கிடைத்தால் நல்லது. பட்டை பட்டையாகக் கிழித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, எண்ணெய் பூசிய கை கால் மேல் இறுக்காமல் சுற்றி, அதன் மேல் ஒரு காய்ந்த துணி. கட்டி முடித்த கொஞ்ச நேரத்தில் குழந்தை சொறிவதை மறந்து நம் முகத்தைப் பார்க்கும். அந்த முகத்துக்காகவே நான் அந்த வேலையில் இருந்தேன் என்று சொல்லலாம். ஆனால் தோலில் சீழோ கொப்புளமோ இருந்தால் இந்தக் கட்டுக் கட்டக் கூடாது. அதை மேடம் எனக்கு ஒன்றுக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார்.

திருநீர்மலையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. வாரா வாரம் எண்ணெய்க் குளியலுக்கு மறுநாள் குழந்தைக்குக் கரப்பான் ஏறிவிடும். எண்ணெயை மாற்றிப் பார்த்தார்கள், தண்ணீரை மாற்றிப் பார்த்தார்கள். குளித்ததும் என்ன செய்வீர்கள் என்று மேடம் கேட்டபோது, "சாம்பிராணிப் புகை காட்டுவோம், அவ்ளோதான்" என்றார்கள். புகையை நிறுத்தினார்கள், கரப்பான் அடங்கியது. இன்னொரு முறை, சேலையூரில் டீச்சராக இருந்த ஜாஸ்மின் என்ற பெண் எங்கள் பெஞ்சிலேயே மயங்கிச் சரிந்தார். தாய்ப்பால் கொடுக்கிறவர். தெரிந்தவர்கள் ஆளாளுக்குச் சொன்னதைக் கேட்டு மீன், முட்டை, கத்தரிக்காய், வேர்க்கடலை, பால் என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் ரசம் சாதம் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பியூலா மேடம் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அவர் முன்னால் வைத்தார். மீன் குழம்பு. "நீங்க பட்டினி கெடந்தா பாப்பா தோல் சரியாயிடும்னு எந்த புக்லயும் இல்லம்மா. சாப்பிடுங்க. நான் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன்." ஜாஸ்மின் அழுதுகொண்டே சாப்பிட்டார்.

கஸ்தூரி எங்களிடம் வந்தது அதற்கெல்லாம் பின்னால். கேளம்பாக்கத்துக்குக் கிழக்கே கடலோரக் குப்பம். கணவன் தேசிங்கு கடலுக்குப் போகிறவன். கஸ்தூரி மீன் விற்கப் போவாள். மகள் மோனிஷாவுக்கு அப்போது ஒரு வயது நிரம்பவில்லை. இரண்டு கன்னங்களும் ரத்தச் சிவப்பாக, நீர் கசிந்துகொண்டிருக்கும். கழுத்து மடிப்பிலும் முழங்கை மடிப்பிலும் தோல் தடித்துப்போயிருந்தது.

நான் பார்த்த அம்மாக்களில் ஈரத்துணிக் கட்டை அவ்வளவு சுத்தமாகக் கற்றுக்கொண்டவர் வேறு யாருமில்லை. தேசிங்கின் பழைய வேட்டியைக் கிழித்து, சோப்பு வாடை போகும்வரை அலசி, வெயிலில் காயப்போட்டு, ஒரு தூக்குச் சட்டியில் மடித்துக் கொண்டுவருவாள். "மீனு வாடை பட்டா பாப்பாக்கு ஏறும்னு எங்க அண்ணி சொல்றாங்க பிரதர். நெசமா?" என்று கேட்டாள். தேசிங்கின் அக்கா அஞ்சலையைத்தான் அண்ணி என்றாள். அந்த வீட்டில் எல்லாவற்றையும் முடிவு செய்கிறவர் அவர். வாடையால் ஏறாது, மீன் செதில் பட்ட கையோடு தூக்காமல் கையைக் கழுவிவிட்டுத் தூக்கினால் போதும் என்றேன். சில மாதங்களில் மோனிஷாவின் கன்னம் நன்றாகத் தேறியது. ஒரு முறை குழந்தை என் கழுத்தில் கிடந்த அடையாள அட்டையை வாயில் வைத்துக் கடித்தது. கஸ்தூரி சிரித்தாள்.

அப்புறம் இரண்டு முறை அவர்கள் வரவில்லை. ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். போன் வந்தது. ரகசியம் பேசுவது போலப் பேசினாள்.

"பிரதர், கஸ்தூரி பேசறேன். பாப்பாக்கு அம்மா போட்டுக்கீது. வூட்ட விட்டு வரக் கூடாது. அண்ணிக்குத் தெரியாம பேசறேன். ரொம்ப அழுவுது பிரதர். ஈரத்துணி கட்டலாமான்னு கேக்கத்தான் பண்ணேன்."

"கட்டாதம்மா. கொப்புளம் எப்படி இருக்கு?"

"சின்னச் சின்னதா, எல்லாம் ஒரே மாரி கீது. நடுவுல குழியா. சிலது ஒடைஞ்சி பொக்கு கட்டிக்கீது."

"எங்கெங்க?"

"கன்னம் பூரா. கழுத்துல. கண்ணு ரெண்டும் வீங்கிப்போயி தெறக்கவே மாட்டேங்குது. பாலும் குடிக்கல."

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. போனை அப்படியே மேடத்திடம் கொடுத்தேன். அவர் இரண்டு கேள்விகள் கேட்டார். வைத்துவிட்டு எழுந்தார். வெளியே காத்திருந்தவர்களை இன்னொரு டாக்டரிடம் பார்க்கச் சொல்லி ஏற்பாடு செய்துவிட்டு, "வாங்க ஜெயசீலன்" என்றார்.

தன் காரை எப்போதும் மெதுவாக ஓட்டுகிறவர். அன்று வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் லாரிகளை முந்திக்கொண்டு போனார். வழியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "கண்ணுக்குள்ள போயிருக்கக் கூடாது."

குப்பத்தில் அந்த வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலில் வேப்பிலைக் கொத்து கட்டியிருந்தது. மேடம் செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டார். வாசலோரம் குடத்தில் இருந்த தண்ணீரை எடுத்துக் கால் கழுவினார். நானும் அப்படியே செய்தேன். அஞ்சலை நிலைப்படியில் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும், திடமான உடம்பு. பின்னால் தேசிங்கு கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கஸ்தூரி யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"டாக்டரம்மா, கோச்சிக்காத. ஆத்தா வந்து எறங்கிகிறா. ஊசி மாத்திரை எதுவும் ஆவாது. நீங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க, ஒங்களுக்கு இது புரியாது."

"புரியாதுதாம்மா" என்றார் மேடம். "அதான் உங்களக் கேக்கலாம்னு வந்தேன். நான் எந்த மருந்தும் போட மாட்டேன். தொடக்கூட மாட்டேன். பாக்கலாமா?"

அஞ்சலை யோசித்தார். பிறகு விலகி வழிவிட்டார்.

பாயில் வேப்பிலை பரப்பி அதன் மேல் குழந்தையைக் கிடத்தியிருந்தார்கள். நான் அந்த முகத்தை விவரிக்கப் போவதில்லை. மோனிஷா என்று யாராவது சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. மேடம் பாயின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்தார். சொன்னபடியே தொடவில்லை.

"அஞ்சலைம்மா, இந்த வீட்ல இதுக்கு முன்னாடி யாருக்காவது அம்மா போட்டிருக்கா?"

"எனக்கே போட்டுச்சு. இவனுக்குப் போட்டுச்சு, நான்தான் பாத்துக்கினேன். இந்தத் தெருவுல யாருக்குப் போட்டாலும் என்னயத்தான் கூப்புடுவாங்க."

"அப்போ நீங்க சொல்லுங்க. கொப்புளம் மொதல்ல எங்க வரும்?"

"வயித்துல, நெஞ்சுல, முதுவுல. அப்புறமாத்தான் மூஞ்சிக்கு ஏறும்."

"பாப்பாவுக்கு வயித்துல இருக்கா, பாருங்க."

அஞ்சலை குனிந்து குழந்தையின் சட்டையை மெதுவாக மேலே தூக்கினார். வயிறு சுத்தமாக இருந்தது. ஒரு பக்கமாகச் சாய்த்து முதுகைப் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். அங்கேயும் ஒன்றுமில்லை. கழுத்து மடிப்பு, முழங்கை மடிப்பு, கன்னம் – கரப்பான் இருந்த இடத்தில் மட்டும் கொப்புளம் அப்பியிருந்தது. அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அம்மான்னா இப்பிடி வராது" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே சொன்னார். அப்புறம் மேடத்தைப் பார்த்து, "அப்போ இது இன்னா?" என்றார்.

"வேற ஒரு கிருமி. கரப்பான்ல தோல் ஒடைஞ்சிருக்குல்ல, அது வழியா உள்ள போயிருக்கு. மருந்து இருக்கு. இன்னிக்கே ஆரம்பிச்சா பொழைச்சுக்குவா. கண்ணுக்குள்ள போயிட்டா பார்வை போயிடும்."

அஞ்சலை எழுந்து சுவரில் இருந்த அம்மன் படத்தின் முன்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். என்ன வேண்டிக்கொண்டார் என்று தெரியாது. திரும்பி வந்து குழந்தையின் மேல் ஒட்டியிருந்த வேப்பிலைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். "இன்னாடா பாத்துக்கினு நிக்கற? தூக்குடா கொழந்தைய" என்று தம்பியை அதட்டினார்.

மருத்துவமனையில் தனி அறை. ஊசி போடுவதற்கு நரம்பு கிடைக்கவில்லை, கையெல்லாம் புண். காலில் கிடைத்தது. அதைப் பிடித்து நிறுத்த பிளாஸ்டர் ஒட்ட முடியாது, பிரிக்கும்போது தோலும் சேர்ந்து வந்துவிடும். மெல்லிய காஸ் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டுத்தான் நிறுத்தினேன். அந்த மருந்தை வேகமாக ஏற்றினால் சிறுநீரகத்துக்குக் கெடுதல். ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரத்துக்குச் சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டும். பொருக்கு கட்டிய இடத்தில் உப்பு நீரில் நனைத்த காஸை வைத்து ஊறவிட்டு, தானாகக் கழன்றதை மட்டும் எடுத்தேன். ஒரு துண்டைக்கூட உரிக்கவில்லை. கண் டாக்டர் வந்து இமையைத் திறந்து பார்த்தார். இடது கண்ணில் கருவிழி மேல் புண் இருந்தது. கஸ்தூரி பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் எடுத்து, ஸ்பூனில் துளித் துளியாக ஊட்டினாள்.

இந்தக் கிருமி எங்கிருந்து வந்தது என்று மேடம் கேட்க வேண்டியிருந்தது. மருத்துவத்தில் அது ஒரு சாதாரணக் கேள்வி. "வீட்ல சமீபத்துல யாருக்காவது உதட்டோரத்துல கொப்புளம், புண்ணு ஏதாவது இருந்துச்சா?"

கஸ்தூரி ஒன்றும் தெரியாமல் சட்டென்று சொன்னாள்: "இவருக்குத்தான் மேடம். கடல்லயே நாலஞ்சி நாளு தங்கிட்டு வந்தாரு. வெயிலுக்கு வாயோரம் பொத்துக்கிச்சு. இப்ப ஆறிடுச்சு."

நான் தேசிங்கைப் பார்த்தேன். உதட்டின் வலது ஓரத்தில் காய்ந்த தழும்பு லேசாகத் தெரிந்தது. மேடம் "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார். நானும் கூடவே வந்தேன்.

"அவருகிட்ட சொல்லணுமா மேடம்?" என்று கேட்டேன்.

"சொல்லாம விட்டா அடுத்த தடவ புண்ணு வரும்போது மறுபடியும் குடுத்துடுவார். சொன்னா அத அவர் வாழ்நாள் பூரா சுமக்கணும்." கொஞ்ச தூரம் நடந்தார். "குழந்தை மொதல்ல பால் குடிக்கட்டும். அப்புறம் சொல்றேன்."

மோனிஷா பிழைத்தாள். காய்ச்சல் இறங்கியது, வீக்கம் வடிந்தது, ஒரு நாள் காலை அம்மாவின் மார்பைத் தானே தேடிக் குடித்தாள். அன்றுதான் மேடம் தேசிங்கை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். என்னையும் இருக்கச் சொன்னார்.

"தேசிங்கு, கடல்லேந்து வந்ததும் பாப்பாவக் கொஞ்சுனீங்களா?"

"ஆமா மேடம். எப்பவும் கொஞ்சுவேன்."

"உங்க உதட்டுல இருந்த புண்ணும் பாப்பாவுக்கு வந்ததும் ஒரே கிருமிதான். பெரியவங்களுக்கு வாயோரம் பொத்துக்கிட்டு ஆறிடும். நல்ல தோல் இருக்கற குழந்தைக்கும் பெருசா ஒண்ணும் ஆயிருக்காது. பாப்பாவுக்குக் கரப்பான்ல தோல் ஒடைஞ்சிருந்துச்சு. அதனால பரவிடுச்சு."

அவன் கை உதட்டோரத்துக்குப் போனது.

"என் வாயாலயா மேடம்?"

"ஆமா."

மேடம் அதைப் பூசி மெழுகவில்லை. "அது உங்களுக்குத் தெரியாது. எங்ககிட்ட வந்தப்போ நாங்களும் சொல்லல. இனிமே புண்ணு இருக்கற அன்னிக்கு மட்டும் முத்தம் குடுக்காதீங்க. அவ்வளவுதான்" என்றார். அவன் தலையை ஆட்டினான். எழுந்து வெளியே போனான்.

சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவனைப் பார்த்தேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன். "கரையில எறங்குனதும் எனுக்கு மொத வேல அதான்ணா" என்றான். "வலையக்கூட அப்புறமாத்தான் பாப்பேன். ஓடிப்போயி பாப்பா கன்னத்துல மூஞ்ச வெச்சாத்தான் கரைக்கு வந்த மாரி இருக்கும்." ஜிஎஸ்டி சாலையில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. நான் அவன் பக்கத்தில் நின்றேன்.

இடது கண்ணில் புண் ஆறிய இடத்தில் கடுகைவிடச் சிறியதாக ஒரு வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. பார்வைக்கு நடுவில் இல்லாததால் தப்பித்தாள் என்று கண் டாக்டர் சொன்னார். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அவள் அப்பாவுக்கு அது உற்றுப் பார்க்காமலே தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் தேசிங்கும் கூட வந்தான். கரப்பானுக்கு எண்ணெய் பூசுவதையும் துணி கட்டுவதையும் அவனும் கற்றுக்கொண்டான். வலை பின்னிய விரல்கள், முடிச்சு எங்கே போட வேண்டும் என்று அவனுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஆனால் மூக்கையும் வாயையும் மூடி ஒரு துண்டு கட்டியிருப்பான். மருத்துவமனை என்பதால் கட்டுகிறான் என்று முதலில் நினைத்தேன். ஒரு நாள் அவன் மருந்து வாங்கப் போயிருந்தபோது கஸ்தூரி சொன்னாள்.

"வூட்லயும் அப்பிடித்தான் பிரதர். துண்டக் கட்டிக்கினுதான் பாப்பாவத் தூக்கறாரு. மூஞ்சிகிட்டக் கொண்டாறதே இல்ல. அது துண்டப் புடிச்சி இழுக்குது, இவரு தலையத் திருப்பிக்கறாரு. புண்ணு ஒண்ணும் இல்ல பிரதர், எப்பவோ ஆறிடுச்சு. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாரு. ராத்திரியில தனியாப் போயி படுத்துக்கறாரு."

இதை நான் மேடத்திடம் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "அவர உள்ள கூப்பிடுங்க" என்றார்.

தேசிங்கு குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றான். துண்டு முகத்தில் இருந்தது. மோனிஷாவுக்கு அப்போது நடக்கத் தெரியும். இருந்தாலும் இடுப்பைவிட்டு இறங்க மாட்டாள். மேடம் அவனை ஸ்டூலில் உட்காரச் சொன்னார். வழக்கம்போல் இரண்டு கைகளையும் தேய்த்துக்கொண்டார். டார்ச்சை எடுத்தார்.

"துண்ட அவுருங்க. உங்க வாயப் பாக்கணும்."

அவிழ்த்தான். குழந்தைக்குப் பார்ப்பது போலவே பொறுமையாகப் பார்த்தார். மேலுதடு, கீழுதடு, இரண்டு ஓரங்கள், உட்புறம். டார்ச்சை அணைத்தார்.

"சுத்தமா இருக்கு. புண்ணு இருந்தா வேணாம்னு சொன்னேன். புண்ணு இல்லாதப்ப வேணாம்னு நான் சொல்லவே இல்லையே."

"பயமா கீது மேடம்."

"தெரியும்."

"அந்தக் கண்ணப் பாக்கறப்பல்லாம்..." என்று ஆரம்பித்தான்.

"இப்போ குடுங்க" என்றார் மேடம். "என் எதிர்ல குடுங்க. நான் டாக்டர், நான் பாத்துட்டுச் சொல்றேன்."

கஸ்தூரி வாசல் பக்கமாக நின்று முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். பிறகு அவன் குனிந்து, குழந்தையின் இடது காலைக் கையில் எடுத்து, உள்ளங்காலில் உதட்டை வைத்தான்.

"அங்க இல்ல" என்றார் பியூலா மேடம்.

மோனிஷாதான் அவன் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். துண்டு இல்லாத முகம் கிடைத்ததில் அவளுக்குச் சிரிப்பு. அவன் அவள் கன்னத்தில் முகத்தை வைத்தவன் எடுக்கவே இல்லை. தோள் குலுங்கியது.

மேடம் நாற்காலியைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டார். வெளியே பெஞ்சில் ஆட்கள் காத்திருந்தார்கள். அடுத்தவரைக் கூப்பிட வேண்டியது என் வேலை. நான் கூப்பிடவில்லை.